எல்டா அம்மாள் வீட்டு ஜெர்மன் துப்பாக்கி

வெண்டல் ஹார்ட்விக் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு சுவர் மொட்டையாக நின்றது. பிப்ரவரி வரைக்கும் அந்தச் சுவரில் பதினேழு துப்பாக்கிகள் வரிசையாகப் படுத்திருந்தன. அத்தனையும் ஜெர்மன் ராணுவத்தின் பழைய துப்பாக்கிகள். இப்போது மர முளைகள் மட்டும் துருத்திக்கொண்டிருந்தன. மனைவி மார்லிஸ் அவற்றில் குளிர்காலக் கோட்டுகளை மாட்டிவிட்டாள். கோட்டு தொங்குகிற அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் வெண்டலுக்கு நெஞ்சை ஏதோ அடைக்கும். ஆனாலும் வாயைத் திறக்க மாட்டார். எப்படித் திறப்பார்? அதைக் காலி செய்தது அவர் பெற்ற மகளுக்காக.

மகள் பெயர் டெஸ்ஸா. இருபத்தாறு வயது. மில்வாக்கி நகரத்தில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்துக்கொண்டு தனியாக இருந்தாள். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கூட எல்லோரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போனாள். அந்தப் பெண்தான் பிப்ரவரியில் ஒரு நாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ளப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள். கார் வாசலில் நிற்கிறது, கதவு மட்டும் திறக்கவில்லையே என்று விடாமல் தட்டியிருக்கிறாள். அதனால் பிழைத்தாள். அந்தப் பாத்திரத்தை நினைத்து நினைத்து மார்லிஸ் எத்தனை நாள் அழுதாள் என்று கணக்கில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து பெற்றோர் வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் வெண்டலைக் கேட்டாள், "வீட்ல துப்பாக்கி ஏதும் இருக்கா சார்?"

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பால் மாடும் மான் காடுமாக இருக்கிற ஊர்க்காரரிடம் போய் அதைக் கேட்பது, வீட்டில் கரண்டி இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி.

"பதினேழு இருக்கு," என்றார் வெண்டல்.

நர்ஸின் பேனா அப்படியே நின்றது. "கொஞ்ச நாளைக்கு வேற யார்கிட்டயாவது குடுத்து வைக்க முடியுமா?"

அன்று மாலையே சினேகிதர் ஆர்விட் தன் வண்டியோடு வந்துவிட்டார். வண்டி நிறையப் பழைய கம்பளிகள். அந்த ஊரில் அது ஒரு வழக்கம். ஒரு வீட்டில் விவாகரத்தோ, குடியோ, தாங்க முடியாத துக்கமோ வந்துவிட்டால், சினேகிதன் ஒருவன் கம்பளிகளோடு வந்து நிற்பான். ஒரு கேள்வி கேட்க மாட்டான். துப்பாக்கிகளைச் சுற்றி எடுத்துக்கொண்டு போவான். மதுக்கடையில் உட்கார்ந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டான். கொடுத்தவன் வந்து கேட்கிற நாளில் துடைத்துத் திருப்பிக் கொடுப்பான். ஆர்விட்டின் பெண்டாட்டி அவரை விட்டுப் போன குளிர்காலத்தில் அவருடைய வேட்டைத் துப்பாக்கிகள் வெண்டல் வீட்டில்தான் இருந்தன. இப்போது முறை மாறியிருந்தது, அவ்வளவுதான்.

பதினேழையும் ஏற்றி முடிக்கும்வரை டெஸ்ஸா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

வெண்டலுக்கு அறுபத்தொரு வயது. பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை ஏற்றி, சீஸ் தொழிற்சாலையில் இறக்குகிற டேங்கர் லாரியின் ஓட்டுநர். மாடு லீவு விடுவதில்லை. அதனால் வெண்டலுக்கும் லீவு கிடையாது. பெருமழையோ பெரும்பனியோ, லாரி போயாக வேண்டும். இந்த மனிதரைத் துப்பாக்கிப் பைத்தியம் என்று ஊர் சொல்லும். ஆனால் அவர் சுடுகிற ஆள் அல்ல. மான் வேட்டைக்குப் போனால் மரத்தடியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுவிட்டு, மான் வந்தால் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர். வருஷத்துக்கு ஒரு தடவை, ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தினத்தன்று, ஒரே ஒரு பழைய துப்பாக்கியை எடுத்து வயலைப் பார்த்துச் சுடுவார். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் கைதட்டும். அவ்வளவோடு சரி.

பிறகு எதற்காக இந்தப் பைத்தியம்? இருபது வயதில் ஒரு பண்ணை ஏலத்தில் குதிரைச் சேணங்கள் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கினார். அடியில் துருப்பிடித்த ஒரு துப்பாக்கி கிடந்தது. துருவைச் சுரண்டினால், பின்கட்டையின் இரும்புத் தகட்டில் எழுத்தும் எண்களும். எந்தப் படை, எந்தக் கம்பெனி, கம்பெனியில் எத்தனையாவது துப்பாக்கி என்று அந்தக் காலத்து ஜெர்மன்காரன் குத்தி வைத்திருந்தான். அப்படியானால் இது ஏதோ ஒரு துப்பாக்கி அல்ல. யாரோ ஒருவனுடைய துப்பாக்கி! மழையில் தோளில் சுமந்து நடந்தவன் ஒருவன் இருந்திருக்கிறான். அவனுக்கு அம்மா இருந்திருப்பாள். வெண்டலின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று பிடித்தது அந்த நோய்.

அதற்குப் பிறகு அவர் தேடியதெல்லாம் ஒன்றுதான்: எண் கலையாத துப்பாக்கி. அந்த ஜெர்மன் துப்பாக்கிகளில் சின்னத் திருகாணியில் கூட எண் இருக்கும். குழலில் இருக்கிற எண்ணின் கடைசி இலக்கங்கள் ஒவ்வொரு உறுப்பிலும் இருக்க வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கை மாறி, நாடு மாறி, கடல் தாண்டி வந்த பிறகும் ஒரு குடும்பம் பிரியாமல் இருப்பதைப் போல எல்லா உறுப்பும் சேர்ந்தே இருந்தால், அதைப் பார்க்கும்போது வெண்டலுக்குக் கோயிலுக்குள் போனது போல் இருக்கும்.

அப்படி ஒன்று பக்கத்து ஊரில் ஹெர்ப் க்ரூகர் என்ற கிழவரிடம் இருந்தது. 1871ஆம் வருஷத்து மாடல். காலாட்படைக்குச் செய்ததில்லை, வனக்காவலர்களையும் வேட்டைக்காரர்களையும் பொறுக்கியெடுத்துக் கட்டிய படைக்கென்று தனியாகச் செய்த குட்டைத் துப்பாக்கி. அதைப் பார்த்தவர்களே அபூர்வம். ஹெர்ப்பிடம் இருந்ததோ எண் கலையாதது. குழலைத் துடைக்கும் கம்பி கூடத் தொலையாதது. வெண்டல் வருஷா வருஷம் போய்க் கேட்பார். ஹெர்ப்பும் வருஷா வருஷம் ஒரே பதிலைச் சொல்வார்.

"நான் செத்தப்புறம் வா. முதல் வார்த்தை உனக்குத்தான்."

சேகரிப்பவர்களிடையே அந்த முதல் வார்த்தை சாமானியமானதல்ல. அதைக் கொடுத்துவிட்டால், செத்தாலும் மாற்றக் கூடாது. அதைப் பெற்றவர் 'வேண்டாம்' என்று சொன்ன பிறகுதான் அடுத்தவனிடம் காட்ட வேண்டும்.

ஹெர்ப் மார்ச் மாதம் செத்துப்போனார். ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை அவருடைய மனைவி எல்டா அம்மாள் ஃபோன் செய்தார்.

"வெண்டல், சனிக்கிழமை மத்தியானம் இல்லினாய்ஸ்லேர்ந்து ஒரு வியாபாரி வர்றான். மொத்தத்தையும் அள்ளிட்டுப் போறேங்கறான். ஹெர்ப் உனக்கு வாக்குக் குடுத்துட்டுப் போயிருக்கான். அந்த ஒண்ண நான் அவன்கிட்ட காட்டல. அதுக்கு முன்னாடி வந்து வேணும் வேணாம்னு சொல்லிட்டுப் போ."

"என்ன விலை எல்டா?"

"ஹெர்ப் வாங்கின விலையக் குடு. உன்கிட்ட வியாபாரம் பண்ணா அவன் குழிக்குள்ளேர்ந்து எந்திரிச்சு வந்துருவான்."

வெண்டல் ஃபோனை வைத்தார். கடவுளே, கேட்டுக் கேட்டுக் காத்திருந்த பொருளை இப்படி ஒரு நேரத்திலா கொடுப்பாய்?

அன்றைய ஓட்டம் முடிந்ததும் லாரியை நிறுத்திவிட்டு நேராக ஆர்விட் வீட்டுக்குப் போனார். ஆர்விட் கீழ்த்தளத்து இரும்பு அலமாரியைத் திறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"பார்வையாளர் நேரம் முடியறதுக்குள்ள பாத்துட்டுக் கெளம்பு. எல்லாம் நல்லா சாப்பிடுது, நல்லா தூங்குது. ஒண்ணுகூட உன்னக் கேட்டு அழல."

வெண்டல் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார்.

ஆர்விட் விசில் அடித்தார். "ஹெர்ப்போட குட்டைத் துப்பாக்கியா? வாங்குடா மடையா! வாங்கி இங்க கொண்டாந்து வை. பதினேழு பேருக்கு இடம் குடுத்தவன் பதினெட்டாவதுக்குக் குடுக்க மாட்டனா?"

"இங்க வைக்கறதுக்கா இத்தன வருஷம் அந்தக் கெழவன் கால்ல விழுந்தேன்?"

"ஏன், என் வீட்டுக்கு என்ன கொறச்சல்?"

"ஒண்ணும் இல்ல. ஆனா ஞாயித்துக்கெழமை காலைல காபியோட கீழ எறங்கிப் போய் அதப் பாக்கணும்டா. தொடணும். உன் வீட்டுக்கு வந்தா நீ பேசிக்கிட்டே இருப்ப."

"அது உண்மைதான்," என்று ஒத்துக்கொண்ட ஆர்விட், குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்போ வீட்டுக்குக் கொண்டு போலாம்னா பாக்கற?"

வெண்டல் அலமாரிக் கதவைத் தானே மூடினார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவருக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்து வாதாடினான். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு முன்னால் செய்தது சட்டப்படி துப்பாக்கியே இல்லையே! அரசாங்கமே அதைப் பழம்பொருள் என்றுதானே சொல்கிறது? விற்க ஒரு காகிதம் வேண்டாம், வாங்க ஒரு கையெழுத்து வேண்டாம். அதற்கான தோட்டா எந்தக் கடையிலும் கிடையாது. அது ஒரு மரக்கட்டை. சுவர்க் கடிகாரம் மாதிரி, ஒரு படம் மாதிரி. நர்ஸ் கேட்டது துப்பாக்கியைத்தானே? இது துப்பாக்கி இல்லையே!

சாப்பாட்டு மேஜையில் மார்லிஸ் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டிருந்தபோது அந்த வக்கீல் சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்பித்தார். டெஸ்ஸா மாடியில் குளித்துக்கொண்டிருந்தாள்.

மார்லிஸின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"துப்பாக்கி இல்லியா? அப்ப என்ன அது? புல்லாங்குழலா?"

"சட்டப்படி சொல்றேன் மார்லிஸ்."

"சட்டம் வந்து நம்ம வீட்ல ராத்திரி காவலுக்குப் படுக்குமா? நான் படுக்கறேன். அவ ரூம் வாசல்ல காதை வச்சு மூச்சுச் சத்தம் கேக்குதா இல்லியானு பாத்துட்டுப் படுக்கறேன். உனக்குத் தெரியுமா அது? நாலு மணிக்கு லாரிய எடுத்துட்டுப் போயிடற."

"நான் சொல்றதக் கேளு. அதுக்குத் தோட்டாவே கிடையாது. இந்த மாநிலத்துலயே எந்தக் கடையிலயும் விக்கறது இல்ல. தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புக் கம்பிதானே?"

"நாமளே செஞ்சிருக்கமே பா."

இருவரும் திரும்பினார்கள். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டெஸ்ஸா வாசற்படியில் நின்றாள்.

"ஜூலை நாலுக்கு நீ சுடுவியே, அதுவும் 1871தான? அதே தோட்டாதான? கீழ உன் மேஜைல செய்வோமே. சின்னப் பிள்ளைல நான்தான் மெஷின் கைப்பிடிய இழுப்பேன். நீ 'மெதுவா, மெதுவா'ம்ப." அவள் குரலில் கோபம் இல்லை. ஏதோ மறந்துபோன பெயரை எடுத்துக்கொடுப்பவள் போலச் சொன்னாள். "அந்த மெஷின் இன்னும் அங்கதான் பா இருக்கு. ஆர்விட் மாமா துப்பாக்கிய மட்டும்தான் எடுத்துட்டுப் போனாரு."

வெண்டலின் முகம் வெளிறிவிட்டது. பதினேழு துப்பாக்கிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்த மனிதர், அந்த மேஜையைக் கடந்துதான் பதினேழு தடவையும் நடந்திருக்கிறார். கண்ணில் படவே இல்லை! அவருக்கு அது துப்பாக்கியின் சமாசாரமாகவே தோன்றவில்லை. மகளோடு உட்கார்ந்து விளையாடிய இடமாகத்தான் தோன்றியது. எல்லாம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய ஒரு மனிதனுக்கு இப்படியும் ஒரு குருட்டுத்தனம் வருமா?

சாப்பிடாமல் எழுந்து கீழே போனார். அந்த இயந்திரத்தையும், அதைச் சேர்ந்த அத்தனையையும் பெட்டியில் அள்ளிக்கொண்டு ஆர்விட் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். திரும்பி வரும்போது மேஜையில் உருளைக்கிழங்கு ஆறிப்போயிருந்தது. யாரும் எடுத்து வைக்கவில்லை.

அதோடு ஆசையும் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை! அதுதான் கொடுமை. வெள்ளிக்கிழமை முழுக்க லாரி ஓட்டும்போதெல்லாம் அந்தக் குட்டைத் துப்பாக்கி அவர் மடியில் கிடந்தது. பெற்ற பெண் செத்துப் பிழைத்திருக்கிறாள், இரும்புத் துண்டுக்கு ஏங்குகிறாயே, நீயும் ஒரு அப்பனா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். திட்டத் திட்ட ஏக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை.

சனிக்கிழமை காலையில் எல்டா அம்மாள் வீட்டுக்குக் கிளம்பும்போது டெஸ்ஸா வண்டியில் முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்க வர்ற?"

"எல்டா அம்மா எலுமிச்சம்பழக் கேக் வச்சிருப்பாங்க. நீ துப்பாக்கியப் பாரு, நான் கேக்கப் பாக்கறேன்."

எல்டா அம்மாளின் சமையலறை மேஜையில், பூப்போட்ட துண்டின்மேல் அது கிடந்தது. ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்தது. வெண்டல் தொப்பியைக் கழற்றினார். சர்ச்சுக்குள் நுழைந்தால் கழற்றுவது போல, தன்னையறியாமல்.

"ரொம்ப மங்கிப் போயி இருக்கேன்னு, இரும்பு நாரு வச்சு நல்லா பளபளன்னு தேய்ச்சு வைக்கலாம்னு பாத்தேன்," என்றார் எல்டா அம்மாள்.

"தேய்ச்சீங்களா?" வெண்டலுக்குக் குரல் கீச்சென்று போனது. தேய்த்தால் அந்தப் பழைய நிறத்தோடு எண்களும் அழிந்துபோகும்.

"இல்ல, முட்டி வலி. கேக்கு செய்யவே நேரம் சரியா போச்சு."

டெஸ்ஸா வாயில் கேக்கோடு சிரித்துப் புரையேறிவிட்டாள். "எல்டா அம்மா, நீங்க மட்டும் தேய்ச்சிருந்தீங்க, இன்னிக்கி எங்கப்பாவத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கணும்."

வெண்டல் அவற்றையெல்லாம் கேட்கவில்லை. விரலால் ஒவ்வோர் எண்ணாகத் தடவிக்கொண்டே போனார். குழல். அதன் வளையம். பூட்டு. திருகாணி. எல்லாம் ஒன்று. ஒரே குடும்பம். பின்கட்டைத் தகட்டில், எட்டாம் படை, இரண்டாம் கம்பெனி, நாற்பத்தைந்து. அவர் உதடு அசைந்தது.

டெஸ்ஸா கேக்கை வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து பார்த்த அப்பாவின் முகம் அது. பிப்ரவரியிலிருந்து அந்த முகத்தைக் காணோம். தன்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதர் முகத்தில் பயம் ஒன்றுதான் இருந்தது. இப்போது பயம் போய் அப்பா திரும்பி வந்திருந்தார்.

"வாங்குப்பா," என்றாள்.

வெண்டல் நிமிர்ந்தார்.

"எனக்காக வேணாம்னு சொல்லாத. வாங்கு. நான் நல்லாத்தான் இருக்கேன்."

நல்லாத்தான் இருக்கேன். கிறிஸ்துமஸுக்கும் இதையேதான் சொல்லிவிட்டுப் போனாள்.

வாங்கினால் மகளை அடகு வைத்த பாவி. வாங்காவிட்டாலோ, உன்னை நம்பவில்லை என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியது போல ஆகும். எந்தப் பக்கம் திரும்புவான் ஒரு தகப்பன்?

"ஒரு நிமிஷம் எல்டா," என்று மகளின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். பனி உருகி முற்றமெல்லாம் சேறு. தூரத்து வயலில் கொக்குகள் கத்தின. வண்டியின் மேல் சாய்ந்து நின்றார்கள்.

"டெஸ்ஸா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். டாக்டர் என்கிட்ட கேட்டாரு. நர்ஸ் என்கிட்ட கேட்டா. உங்கம்மா என்கிட்ட கேட்டா. நாங்க எல்லாரும் உன்னப் பத்திப் பேசினோம். உன்ன யாரும் கேக்கல. நானும் கேக்கல. அது நம்ம வீட்டுக்கு வந்தா உனக்கு பயமா இருக்குமா?"

"அது என்ன கடிக்கவா போகுது?"

"வெளையாடாத."

டெஸ்ஸா பூட்ஸ் நுனியால் சேற்றைக் கிளறினாள். கிளறிக்கொண்டே இருந்தாள். வெண்டல் காத்திருந்தார். வாழ்க்கையில் எத்தனையோ காத்திருந்திருக்கிறார். இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததில்லை.

"பொய் சொல்லவா, நெசம் சொல்லவா?"

"நெசம்."

"சில நாள் காலைல கண்ணு முழிக்கும்போது உள்ள ஒண்ணுமே இருக்காது பா. அழுகை கூட இருக்காது. காலியா இருக்கும். அந்த மாதிரி காலைல, அது கீழ இருக்குன்னு எனக்குத் தெரியக் கூடாது."

சொல்லிவிட்டாள். கொக்குகள் கத்திக்கொண்டே இருந்தன. அந்த நொடியில், பிப்ரவரிக்குப் பிறகு முதன்முதலாக, தன் மகள் தன்னிடம் பேசுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது.

"சரி," என்றார். பிறகு, ஆசை யாரை விட்டது, கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். "ஆர்விட் வீட்ல வச்சா?"

வேண்டாமென்று டெஸ்ஸா தலையை ஆட்டினாள். "அங்க பதினேழு இருக்கு. நான் எப்ப சரியாவேன், எப்ப சரியாவேன்னு பதினேழும் கண்ண முழிச்சிக்கிட்டுக் காத்துட்டு இருக்கு. தெனமும் அத நெனைக்கறேன். பதினெட்டாவதும் வேணாம் பா."

வெண்டல் மகளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

உள்ளே போய், மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னார். "எல்டா, வேணாம்."

அந்த வார்த்தையைச் சொல்லத் தன் வாய் இத்தனை கனக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

எல்டா அம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வேணாமா? ஹெர்ப் யார் யாரோ வந்து கேட்டும் குடுக்காம உனக்குன்னு வச்சிருந்தான் வெண்டல். அந்த இல்லினாய்ஸ்காரன் துண்டு துண்டாப் பிரிச்சு விக்கறவனாமே? திருகாணி ஒருத்தனுக்கு, கட்டை ஒருத்தனுக்குன்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வேணாங்கற?"

வெண்டல் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார். பின்னாலிருந்து டெஸ்ஸா சொன்னாள்.

"என்னாலதான் எல்டா அம்மா. பிப்ரவரில நான்..."

"தெரியும் கண்ணு," என்றார் எல்டா அம்மாள், சட்டென்று. "சர்ச்ல உனக்காக ஜெபம் பண்ணோமே."

"பேர் சொல்லியா?"

"முழுப் பேரும் சொல்லி. நடுப்பேரு உட்பட."

"ஐயோ கடவுளே!" டெஸ்ஸா முகத்தை மூடிக்கொண்டாள். விரல் இடுக்கில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

எல்டா அம்மாள் துண்டின் நான்கு ஓரங்களையும் எடுத்துத் துப்பாக்கியின் மேல் போர்த்தினார். மீதிக் கேக் முழுவதையும் தாளில் சுற்றி டெஸ்ஸாவின் கையில் திணித்தார். "உங்கம்மாவுக்கும் குடு. நீயே தின்னுட்டுப் போய் நிக்காத," என்றார். ஆனால் வெண்டலின் முகத்தை அவர் பார்க்கவில்லை. வாசல்வரை வரவும் இல்லை. புருஷன் காப்பாற்றி வைத்த வாக்கு மேஜைமேல் அனாதையாகக் கிடந்ததே, அந்த வருத்தம் அவருக்கு.

பாதி வழியில் வெண்டல் வண்டியை ஓரங்கட்டினார். ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். டெஸ்ஸா பயந்துபோனாள்.

"அப்பா! என்னாலயா பா?"

"இல்ல," என்றார் விம்மலுக்கு நடுவில். "இது துப்பாக்கிக்காக. உனக்காக அழுதது வேற. அது எல்லாம் முன்னாடியே அழுதாச்சு. இது நெஜமா துப்பாக்கிக்காகத்தான்."

டெஸ்ஸா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அந்தத் திருகாணிக்காகவா?"

"எல்லாத்துலயும் ஒரே நம்பர் டெஸ்ஸா. எல்லாத்துலயும்!"

"சரி, அழு," என்று சொல்லிவிட்டு அவள் கேக்கைப் பிரித்தாள். சமாதானம் சொல்லவில்லை. அதுவே பெரிய சமாதானமாக இருந்தது அவருக்கு.

அன்று மத்தியானம் இல்லினாய்ஸ் வியாபாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான் என்று ஆர்விட் சொன்னார். குட்டைத் துப்பாக்கியும் போய்விட்டது. அது முழுசாக இருக்கிறதா, உடைந்து ஊர் ஊராகப் போய்விட்டதா என்று வெண்டல் யாரையும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தாங்க மாட்டார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாடுகளுக்கு ஞாயிறு ஏது? வெளிச்சம் வந்த பிறகுதான் முதல் பண்ணைக்குப் போக வேண்டும் என்பது மட்டும்தான் அன்றைக்குச் சலுகை. வெண்டல் சமையலறையில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். மார்லிஸ் இன்னும் எழவில்லை. படியில் காலடிச் சத்தம். டெஸ்ஸா இறங்கி வந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. சிரிப்பு இல்லை, அழுகை இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்து மூடினாள். மறுபடி திறந்தாள்.

"அப்பா. இன்னிக்கி அந்த மாதிரிக் காலை."

வெண்டல் கோப்பையைக் கீழே வைத்தார். ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மார்லிஸைக் கத்தி எழுப்ப வேண்டும் என்று உடம்பெல்லாம் பதறியது. ஆனால் அவள் சொல்லிவிட்டாள். வந்து சொல்லிவிட்டாள்! அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டாக்டருக்கு ஃபோன் பண்ணவா?"

"தெரியல. கூட யாராவது இருந்தாப் போதும்."

"கூடவும் இருக்கேன். ஃபோனும் பண்றேன்," என்று சுவரிலிருந்த ஃபோனை எடுத்தார். டாக்டரின் உதவியாளரிடம் பேசினார். அவர்கள் கேட்டதற்கெல்லாம் மகளைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார். பத்து மணிக்குத் திரும்பக் கூப்பிடுங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள் என்றார்கள். மாடியை நோக்கி மார்லிஸைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் இரவு உடையோடு ஓடிவந்து மகளின் தலையைத் தடவினாள்.

பிறகு வெண்டல் கதவோரம் கிடந்த பூட்ஸ் ஜோடியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

"மாட்டு. லாரில முன் சீட்டு காலியாத்தான் இருக்கு. பேச வேணாம். ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா உக்காந்து வா."

டெஸ்ஸா வெகுநேரம் பூட்ஸையே பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு காலை நுழைத்தாள். வெண்டல் மண்டியிட்டு மற்றதை மாட்டிவிட்டுக் கயிற்றைக் கட்டினார்.